குரோன் நோய்க்குக் குடல் ஆபரேஷன்: எந்த மருந்தை நிறுத்துவது, எதைத் தொடர்வது?

குடலில் நீண்ட நாள் அழற்சியை உண்டாக்கும் குரோன் நோய்க்காகக் குடல் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்கள் என்றால், வீட்டில் எல்லோருக்கும் முதல் பயம் ஊசி மருந்தின் மேல்தான் வருகிறது. இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் மாதிரி பயோலாஜிக் மருந்துகள் (அழற்சியைத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் ஊசிகள்) எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும், தையல் ஆறாது, சீழ் பிடிக்கும், மூன்று மாதம் முன்னாடியே நிறுத்திவிடுங்கள் என்று யாராவது ஒருவர் அடித்துச் சொல்லிவிடுவார். அதே வீட்டில் தினமும் காலையில் 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை உள்ளே போய்க்கொண்டிருக்கும், அதை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். இந்தப் பயம் தலைகீழாக இருக்கிறது என்பதுதான் என் கருத்து. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆபரேஷன் நேரத்தில் அதிகம் கெடுதல் செய்வது பழகிப்போன அந்தச் சின்ன மாத்திரைதான். ஏன் என்று சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், கூட்டவும் வேண்டாம். உங்கள் குடல் மருத்துவரிடமும் சர்ஜனிடமும் சரியான கேள்வியைக் கேட்க இது உதவினால் போதும்.

எதற்குப் பயப்படுகிறோம்

குரோன் நோயில் அதிகம் வெட்டப்படும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதியும் அதை ஒட்டிய பெருங்குடலின் தொடக்கமும். நோயுற்ற துண்டை எடுத்துவிட்டு மீதமுள்ள இரண்டு முனைகளையும் ஸ்டேப்ளராலோ தையலாலோ இணைக்கிறார்கள். முதல் சில நாட்கள் அந்த இணைப்பைத் தாங்குவது ஸ்டேப்பிளும் நூலும் மட்டுமே. உடம்பு புதிய கொலாஜன் நாரை உண்டாக்கி அதைப் பலப்படுத்தச் சில நாட்கள் ஆகும். பலம் வருவதற்குள் இணைப்பு எங்காவது விட்டுப்போனால் குடலுக்குள் இருப்பது வயிற்றறைக்குள் கசிகிறது. சர்ஜன்கள் தூக்கம் கெட்டுப் பயப்படுவது இதற்குத்தான். வெளிக்காயத்தில் வரும் தொற்றும், உள்ளே தேங்கும் சீழும் அடுத்த நிலையில் வருபவை.

இந்த இடத்தில் ஒரு மருந்து இரண்டு வழியில் கெடுதல் செய்யலாம்: ஒன்று, காயம் ஆறுவதையே தாமதப்படுத்தலாம், இன்னொன்று, நுழைந்த கிருமியை உடம்பு எதிர்க்க விடாமல் செய்யலாம். ஸ்டீராய்டு இரண்டையும் செய்கிறது. மற்றவற்றில் பலவும் அப்படி இல்லை.

ஸ்டீராய்டும் பயோலாஜிக்கும்: எது அதிக ஆபத்து?

ஸ்டீராய்டு பற்றி மருத்துவ வழிகாட்டுதல்கள் பெரும்பாலும் ஒரே குரலில் பேசுகின்றன. ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பிரெட்னிசோலோன், அதுவும் ஆறு வாரத்துக்கு மேல், சாப்பிட்டுக்கொண்டே ஆபரேஷனுக்குப் போனால் தொற்றும் கசிவும் கூடுகின்றன. போதாததற்கு இன்னொரு வேலையும் செய்யும், அது எனக்கு இன்னும் கவலை தருவது: அறிகுறியை மறைத்துவிடும். கசிவு ஏற்பட்டவருக்குக் காய்ச்சல் வர வேண்டும், வயிறு கல் மாதிரி இறுக வேண்டும். அதிக ஸ்டீராய்டில் இருப்பவருக்கு நாடித்துடிப்பு மட்டும் கூடி, ஆள் கொஞ்சம் சோர்வாகத் தெரிவார், அவ்வளவுதான். வார்டில் அதைச் சாதாரண அசதி என்று எடுத்துக்கொண்டால் ஒரு நாள் போய்விடும், அந்த ஒரு நாள் பெரிய நாள்.

பயோலாஜிக் பக்கம் கதை வேறு. பழைய ஆய்வுகள் ஆளுக்கொரு முடிவு சொல்லின. ஒரு காரணம் எளிது: நோய் முற்றியவர்களுக்குத்தான் பயோலாஜிக் அதிகம் போகிறது, நோய் முற்றியவர்களுக்கு ஆபரேஷன் சிக்கலும் அதிகம், ஆக பழி மருந்தின் மேல் விழுந்துவிடும். இதைப் பிரித்துப் பார்க்கத்தான் புச்சினி என்ற ஆய்வு நடந்தது. 17 மையங்களில் வயிற்று ஆபரேஷனுக்குப் போன 947 குடல் அழற்சி நோயாளிகளை முன்கூட்டியே பதிவுசெய்து தொடர்ந்து கவனித்தார்கள். 2022இல் வெளியானது. ஆபரேஷனுக்கு முந்தைய 12 வாரத்துக்குள் இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் வகை மருந்து எடுத்தவர்களில் 18.1 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு தொற்று வந்தது, எடுக்காதவர்களில் 20.2 சதவீதம். காயத்திலும் ஆபரேஷன் செய்த இடத்திலும் வந்த தொற்று 12.0, 12.6. வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். தொற்றோடு தனியாகத் தொடர்பு காட்டியவை ஸ்டீராய்டு, முன்பு நடந்த குடல் வெட்டு, இப்போதைய புகைப்பழக்கம்.

இந்தப் பட்டியலில் முந்தைய ஆபரேஷனை மாற்ற முடியாது. மற்ற இரண்டையும் மாற்றலாம். சிகரெட்டை விட்டவர், ஊசியைத் தள்ளிப்போட்டவரைவிட அதிகம் சாதித்திருக்கிறார் என்றுதான் நான் சொல்வேன்.

அதற்காக ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்திவிடலாமா? கூடவே கூடாது. நம் உடம்பு ஒரு நாளைக்குத் தானாகச் சுரப்பது ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமமான கார்டிசால் என்ற ஹார்மோன். வெளியிலிருந்து வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால் அட்ரீனல் சுரப்பி வேலையை நிறுத்திவிட்டுப் படுத்துவிடும். ஆபரேஷன் என்ற பெரிய அதிர்ச்சியில் அது எழுந்து சுரக்க வேண்டும், சுரக்காது, ரத்த அழுத்தம் தரைக்குப் போய்விடும். அதனால் குறைப்பது மெதுவாகத்தான் நடக்க வேண்டும். 40இலிருந்து வாரத்துக்கு 5 குறைத்தால் 20க்கு வரவே நான்கு வாரம். அதாவது ஆபரேஷன் தேதியைப் பேசும் அன்றே குறைப்பைத் தொடங்கினால்தான் கணக்கு சரியாக வரும், முந்தின வாரம் நினைவு வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

குறைத்து முடித்தவர்களும், இன்னும் எடுப்பவர்களும், மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் வாய் திறந்து சொல்ல வேண்டும்: எவ்வளவு, எத்தனை வாரம், எப்போது கடைசி. நான்கு வாரத்துக்கு மேல் 5 மில்லிகிராமோ அதிகமோ எடுத்தவருக்குப் பெரிய ஆபரேஷன் என்றால், மயக்கம் கொடுக்கும்போதே 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசியும், தொடர்ந்து 24 மணி நேரத்துக்கு 200 மில்லிகிராம் டிரிப்பும் என்று பிரிட்டன் மயக்க மருந்து நிபுணர் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. அளவு இடத்துக்கு இடம் மாறலாம், ஆனால் கொடுக்க மறப்பது எங்கும் தப்பு. புடெசோனைடு குடலோடு நிற்கும் ஸ்டீராய்டு, அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்காதீர்கள், அதையும் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டைக் குறைத்தால் நோய் பொங்காதா என்பது நியாயமான கேள்வி. அதற்கு ஒரு மாற்று இருக்கிறது, பேசப்படுவது குறைவு. சாப்பாட்டை முழுக்க நிறுத்திவிட்டு நான்கிலிருந்து ஆறு வாரம் திரவ ஊட்டச்சத்து மட்டும் குடிப்பது. கேட்கவே சலிப்பாக இருக்கும், குடிப்பவர்களுக்கு இரண்டாம் வாரம் வாய் மரத்துப்போகும். ஆனால் அது அழற்சியைக் குறைக்கிறது, எடையைத் தூக்குகிறது, ஸ்டீராய்டைக் குறைக்க இடம் கொடுக்கிறது, எல்லாம் ஒரே நேரத்தில். சிலருக்கு ஆபரேஷன் தேவையே தள்ளிப்போன அனுபவமும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ஆறு மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் எடை இழந்தவர், ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் லிட்டருக்கு 30 கிராமுக்குக் கீழே போனவர் என்றால், முதலில் ஊட்டத்தைச் சரிசெய்துவிட்டு அப்புறம் கத்தி வைப்பதே நல்லது. குடலில் முழு அடைப்பு இருந்தால் மட்டும் இந்த வழி எடுபடாது.

ஊசியை நீண்ட நாள் நிறுத்துவதா, தவணைக்குள் தேதி வைப்பதா?

இங்கேதான் நிறைய குழப்பம். ஒரு பக்கம், "மருந்து உடம்பைவிட்டு முழுக்கப் போகட்டும், அப்புறம் ஆபரேஷன்" என்கிறவர்கள். இன்னொரு பக்கம், அடுத்த டோஸ் வரவேண்டிய நேரத்தில் ஆபரேஷனை வைத்துக்கொண்டால் போதும் என்கிறவர்கள். நான் இரண்டாவது பக்கம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இன்ஃப்ளிக்ஸிமாப் பாதியாகக் குறைய சுமார் 9 நாள் என்று வைத்துக்கொண்டால், வழக்கமான 8 வார இடைவெளியின் முடிவில் அது ஆறு தடவை பாதியாகியிருக்கும். ஏற்றிய அளவில் 2 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மிச்சம். அதற்கு மேல் காத்திருந்து எதை வெளியேற்றப் போகிறோம்? அடாலிமுமாப் பாதியாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும், ஐந்து தடவை பாதியாகப் பத்து வாரம் வேண்டும். அந்தப் பத்து வாரம் குரோன் நோய் சும்மா இருக்குமா? ஃபிஸ்டுலா (குடலிலிருந்து வேறு இடத்துக்கு உண்டாகும் தவறான வழி) கிளைவிடும், குறுகிய இடம் இன்னும் குறுகும், வலி தாங்காமல் யாராவது திரும்பவும் ஸ்டீராய்டைத் தொடங்குவார்கள். ஒரு சந்தேக ஆபத்தைத் தவிர்க்கப் போய் நிச்சய ஆபத்தைக் கையில் எடுத்துக்கொள்வது இது. அடாலிமுமாபில் நடைமுறையில் ஒன்றோ இரண்டோ ஊசியைத் தள்ளிவைத்து நடுவில் தேதி பார்ப்பார்கள், அதுவே போதுமானதாகத் தெரிகிறது.

நீண்ட இடைவெளிக்கு இன்னொரு விலையும் உண்டு, முக்கியமாக இன்ஃப்ளிக்ஸிமாபில். பல மாதம் விட்டுவிட்டு மறுபடி ஏற்றும்போது உடம்பு அந்த மருந்துக்கே எதிராக ஆன்டிபாடி உண்டாக்கியிருக்கலாம். டிரிப் ஓடும்போதே ஒவ்வாமை வரலாம், வராவிட்டாலும் மருந்து வேலை செய்யாமல் போகலாம். குரோன் நோயில் வேலை செய்யும் மருந்துகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒன்றைக் கவனக்குறைவால் இழப்பது பெரிய நஷ்டம்.

இன்னொரு பயோலாஜிக்கான வெடோலிசுமாப் குடலோடு மட்டும் வேலை செய்யும் மருந்து, அதனால் பாதுகாப்பு என்பது பொதுவான எண்ணம். விசித்திரமாக, முதலில் வந்த ஆய்வுகளில் ஒன்று இந்த மருந்தில்தான் காயத் தொற்று அதிகம் என்று எச்சரித்தது. அப்புறம் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தப் பயம் பெரிதாக நிலைக்கவில்லை. உஸ்டெகினுமாப் என்ற பயோலாஜிக் பற்றியும் ஆபரேஷன் சிக்கலைக் கூட்டுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. இந்த இரண்டும் பாதியாக மூன்று வாரம் அல்லது அதற்கு மேல் எடுப்பவை, ஆகவே "முழுக்கப் போகட்டும்" என்று காத்திருப்பது இவற்றில் இன்னும் அர்த்தமில்லாதது.

அவசர ஆபரேஷன் என்றால் இந்த விவாதமே கிடையாது. குடல் ஓட்டையாகிவிட்டது, ரத்தம் நிற்கவில்லை என்றால் நேற்றுதான் டிரிப் ஏறியது என்பதற்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கவும் கூடாது.

அசாதயோபிரின், மெத்தோட்ரெக்ஸேட், புதிய மாத்திரைகள்

இங்கே வேகமாகப் போகலாம். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைகளான அசாதயோபிரின், மெர்காப்டோபியூரின் இரண்டையும் ஆபரேஷன் வரை தொடரலாம் என்பதே பொதுவான முடிவு. நிறுத்தினால் மறுபடி முழு வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் எடுக்கும், ஆகவே நிறுத்துவதில் நஷ்டம்தான் அதிகம். ஆபரேஷன் அன்று காலை மட்டும் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள், சரி. ஆனால் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையை முன்பே பார்த்துவிட வேண்டும், அது தரைமட்டத்தில் இருந்தால் பேச்சு வேறு.

மெத்தோட்ரெக்ஸேட்டும் பெரும்பாலும் தொடரலாம், இந்த நம்பிக்கை அதிகமும் மூட்டுவாத நோயாளிகளைப் பார்த்ததில் இருந்து வந்தது. ஆபரேஷனுக்குப் பின் சிறுநீரகம் சோர்ந்தாலோ தொற்று வந்தாலோ உடனே நிறுத்த வேண்டிய மருந்து அது. அது வாரம் ஒரு முறை எடுக்கும் மருந்து, தினமும் இல்லை என்பதை வார்டு சீட்டில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு பிழை உயிருக்கே ஆபத்து.

உபாடாசிடினிப் மாதிரி ஜேஏகே மாத்திரைகள் (அழற்சிச் சமிக்ஞையைத் தடுக்கும் புதிய வகை) மணிக்கணக்கில் உடம்பைவிட்டுப் போய்விடும், அதனால் சில நாள் முன் நிறுத்தினாலே போதும் என்பதுதான் பொதுவான நடைமுறை. இவற்றில் ரத்தக் கட்டி பற்றிய கவலை உண்டு, ஆபரேஷனுக்குப் பின் ரத்தம் உறையும் ஆபத்து குரோன் நோயாளிக்கு ஏற்கெனவே அதிகம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி எத்தனை நாள், வீட்டுக்குப் போன பிறகும் தொடருமா என்று கேட்டுவிடுங்கள்.

சேர்த்துவிடுவதா, ஸ்டோமா வைப்பதா?

மருந்துக் கேள்வி கடைசியில் இங்கேதான் வந்து முட்டும். அதிக ஸ்டீராய்டு, எடை இழப்பு, குறைந்த ஆல்புமின், வயிற்றில் சீழ்க்கட்டி, இதில் இரண்டு மூன்று சேர்ந்துவிட்டால் பல சர்ஜன்கள் குடலை அன்றே இணைக்காமல், குடல் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, மலம் சேரத் தற்காலிகமாக ஸ்டோமா பை வைப்பார்கள். ஸ்டோமா என்றதும் உடைந்துபோகிறவர்கள் அதிகம், அந்த வருத்தம் புரிகிறது. ஆனாலும் பலவீனமான நேரத்தில் இணைத்து, அது கசிந்து, அவசரமாக இரண்டாவது ஆபரேஷன் செய்து அதே பையோடு வெளியே வருவதைவிட, திட்டமிட்டு வைத்து, உடம்பு தேறி, ஸ்டீராய்டு இல்லாமல் சில மாதம் கழித்து இணைத்துக்கொள்வது எவ்வளவோ மேல். சீழ்க்கட்டி இருந்தால் முதலில் ஸ்கேன் பார்த்துக் குழாய் வைத்து வடித்து, ஆன்டிபயாடிக் கொடுத்து, அமைதியான பிறகு ஆபரேஷன் வைத்தால் சிக்கல் குறையும். காத்திருப்பது எப்போதும் வீண் என்று நான் சொல்லவில்லை. ஊட்டத்துக்கும் சீழுக்கும் காத்திருக்கலாம், ஊசி மருந்து வெளியேறத்தான் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆபரேஷனுக்குப் பின்: உடனே தொடங்குவதா, பார்த்துக்கொண்டு தொடங்குவதா?

முன்னாடி நடப்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், பின்னாடி நடப்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். வெட்டி எடுத்தாயிற்று, வலி போயிற்று, நன்றாகச் சாப்பிடுகிறார், இனி மருந்து எதற்கு என்ற நினைப்பு இயல்பாகவே வருகிறது. ஆனால் குரோன் நோய் வெட்டினால் தீர்வது இல்லை. 1990இல் பெல்ஜியத்திலிருந்து வந்த புகழ்பெற்ற ஆய்வில், ஆபரேஷன் முடிந்த ஒரு வருடத்துக்குள் 73 சதவீதம் பேருக்கு இணைப்புக்கு மேலே மறுபடி புண் தெரிந்தது, ஆனால் தொந்தரவு உணர்ந்தவர்கள் 20 சதவீதம் பேர் மட்டுமே. நன்றாக இருக்கிறேன் என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

உடனே தொடங்கும் பக்கம், 2016இல் வந்த ப்ரிவென்ட் ஆய்வு இருக்கிறது. 297 பேர், ஆபரேஷனுக்குப் பின் 45 நாளுக்குள் இன்ஃப்ளிக்ஸிமாப் அல்லது ஒப்பிடுவதற்கான வெற்று மருந்து. 76 வாரத்தில் கொலோனோஸ்கோபியில் (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதில்) நோய் திரும்பியது முதல் குழுவில் 30.6 சதவீதம், இரண்டாம் குழுவில் 60.0. தொந்தரவோடு நோய் திரும்பியதில் 12.9க்கு 20.0 என்ற வித்தியாசம் உறுதியாகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பார்த்துக்கொண்டு தொடங்கும் பக்கம் போசர் ஆய்வு: ஆறாவது மாதம் கொலோனோஸ்கோபி செய்து, நோய் தெரிந்தால் மருந்தைக் கூட்டுவது. 18 மாதத்தில் நோய் திரும்பியவர் அந்தக் குழுவில் 49 சதவீதம், கேமரா பார்க்காத குழுவில் 67.

எதை எடுப்பது என்பது ஆளைப் பொறுத்தது. புகைப்பவர், இரண்டாவது தடவை வெட்டு, ஓட்டையோ ஃபிஸ்டுலாவோ வந்த நோய், இவர்களுக்குக் காயம் ஆறியதும், தொற்று இல்லை என்று உறுதியானதும், வழக்கமாக இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பயோலாஜிக்கைத் தொடங்கிவிடுவது நல்லது. முதல் ஆபரேஷன், சின்னத் துண்டு, புகை இல்லை என்றால் ஆறு மாதக் கொலோனோஸ்கோபி வரை பொறுக்கலாம், ஆனால் அந்தக் கொலோனோஸ்கோபி நடந்தே ஆக வேண்டும். நன்றாகத்தான் இருக்கிறேனே என்று அதைத் தள்ளிப்போட்டால் இந்த வழிக்கே அர்த்தம் இல்லை. நடுவில் மலத்தில் கால்புரோடெக்டின் என்ற அழற்சி அடையாளத்தைப் பார்ப்பது உதவும், கேமராவுக்கு முழு மாற்று ஆகாது.

இன்னொன்று, பலரைக் கலங்கடிப்பது. ஆபரேஷன் முடிந்த பிறகு அடிக்கடி தண்ணீராகப் போனால் நோய் திரும்பிவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதிதான் பித்த அமிலத்தை உறிஞ்சும் இடம். அது போய்விட்டால் பித்த அமிலம் பெருங்குடலில் இறங்கி வயிற்றுப்போக்கு உண்டாக்கும், கொலஸ்டிரமின் போன்ற மருந்தில் பலருக்கு அடங்கும். இதை நோய் என்று நினைத்து மறுபடி ஸ்டீராய்டு தொடங்கப்படுவது வேதனையான விஷயம். 20 சென்டிமீட்டருக்கு மேல் எடுத்திருந்தால் வைட்டமின் பி12 அளவையும் தவறாமல் பாருங்கள்.

தேதி குறிக்கும் அன்றே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு மருந்தின் கடைசி டோஸ் எப்போது, திரும்பத் தொடங்கும் நாள் எப்போது, அதை முடிவு செய்யப்போவது சர்ஜனா குடல் மருத்துவரா. நிறுத்தும் தேதியைப் பெரும்பாலும் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். தொடங்கும் தேதிதான் டிஸ்சார்ஜ் சம்மரியில் விடுபடும். சர்ஜன் குடல் மருத்துவர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பார், அவர் சர்ஜன் அனுப்பட்டும் என்று காத்திருப்பார், இடையில் மாதங்கள் ஓடிவிடும். கையில் தாள் இருந்தால், அந்தத் தேதி வந்ததும் நீங்களே போன் செய்து கேட்கலாம்.